கடைசல் இயந்திரத்தின் குணதோஷம்

வீட்டின் பின்கட்டிலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ ஒரு சிறு உலோகப் பட்டறை அமைத்துக்கொண்டு, தமக்கு வேண்டிய புஷ்ஷையும் போல்ட்டையும் பல்சக்கரத்தையும் தம் கையாலேயே செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருவரைப் பற்றிக்கொள்ளுமானால், அவர் முதன்முதலில் வாங்க நினைப்பது பெரும்பாலும் லேத் என்னும் கடைசல் இயந்திரமாகவே இருக்கும். கைப்பணத்தை எண்ணிக்கொண்டு அவர் சந்தைக்குப் போனால், ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு விதமான லேத்துகள் எதிர்ப்படும். ஒன்று, மேஜையின்மேல் வைத்துக்கொள்ளத்தக்க, பளபளவென்று வர்ணம் பூசிய, உத்தரவாதச் சீட்டோடு பெட்டியில் வந்து இறங்கும் புத்தம் புதிய சிறு இயந்திரம். மற்றொன்று, ஆலை ஒன்று மூடப்பட்டபோதோ, பட்டறை ஒன்று கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களுக்கு மாறியபோதோ வெளியே தள்ளப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாமல் மூலையில் நிற்கும் பழைய இயந்திரம். இவ்விரண்டினுள் எது நல்லது என்ற கேள்விக்கு வயதைக் கொண்டு விடை சொல்வோரும் உண்டு, விலையைக் கொண்டு சொல்வோரும் உண்டு. ஆயினும் ஆராய்ந்து பார்த்தால், இயந்திரத்தின்கண் உள்ள பிழை எத்தன்மையது, அது திருத்தக்கூடியதா கூடாததா என்பதொன்றே இக்கேள்விக்கு உரிய விடையைத் தரவல்லது என்பது விளங்கும்.

இதனை உணர்வதற்கு, லேத் செய்யும் வேலையின் தத்துவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சக் என்னும் பற்றியில் கவ்விப் பிடிக்கப்பட்ட ஜாப், அதாவது கடையப்படும் உலோகத் துண்டு, ஸ்பிண்டில் எனப்படும் சுழல்தண்டோடு சேர்ந்து சுழல்கிறது. டூல் எனப்படும் வெட்டுளி, காரியேஜ் என்னும் நகரும் தாங்கியின்மேல் அமர்ந்து, பெட் எனப்படும் நீண்ட படுகையின் வழியே இடமும் வலமுமாக நகர்கிறது. ஸ்பிண்டில் எவ்வளவு ஒழுங்காகச் சுழல்கிறதோ அவ்வளவுதான் ஜாப் வட்டமாக அமையும். பெட் எவ்வளவு நேராக, ஸ்பிண்டிலின் அச்சுக்கு எவ்வளவு இணையாக ஓடுகிறதோ அவ்வளவுதான் ஜாப் ஒரே பருமனுள்ள உருளையாக அமையும். காரியேஜை நகர்த்தும் லீட் ஸ்குரூ என்னும் நீண்ட திருகின் புரி எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவுதான் அதைக் கொண்டு வெட்டும் புரியும் சீராக இருக்கும். அதாவது, லேத் தன்னிடமுள்ள வட்டத்தையும் நேர்கோட்டையும் புரியையும் பிறிதோர் உலோகத்தின்மேல் படியெடுத்துத் தருகிறது. அதனிடம் உள்ள குணங்களோடு தோஷங்களும் சேர்ந்தே படியெடுக்கப்படும் என்பதால், அதை வாங்குகிறவர் தம்முடைய பணத்துக்கு ஈடாகப் பெறுவது ஒரு வட்டமும் ஒரு நேர்கோடும் ஒரு புரியுமே என்று சொன்னால் அது மிகையாகாது.

இயந்திரம் தன்னிடம் உள்ளதையே தருமென்றால், முதல் இயந்திரத்துக்குத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் எழுவது இயற்கை. 1800-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்ற தொழில்மேதை, வெட்டுளியைக் கையால் பிடிக்கும் பழைய முறையைக் கைவிட்டு, அதை ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் வழுக்கிச் செல்லும் தாங்கியில் பொருத்தி, லீட் ஸ்குரூவாலும் மாற்றுப் பல்சக்கரங்களாலும் இயங்கச் செய்தார். அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், 1840-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானக் கழகத்தின் முன்னிலையில், உண்மையான சமதளத்தை உண்டாக்கும் முறையொன்றை விளக்கினார். இரண்டு இரும்புத் தகடுகளில் வண்ணக் குழம்பு தடவி ஒன்றோடொன்று தேய்த்து, குழம்பு பட்ட மேடுகளைச் சுரண்டிக்கொண்டே வந்தால், ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கு ஏற்பப் புடைத்தும் பொருந்திவிடலாம். அப்பொருத்தம் சமதளத்துக்குப் பிரமாணம் ஆகாது. மூன்று தகடுகளை எடுத்துக்கொண்டு, முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது மீண்டும் முதலாவதோடும் பொருந்துமாறு சுரண்டினாலோ, மூன்றும் சமதளமாக இருந்தாலன்றி அப்பொருத்தம் சாத்தியப்படாது. தம்மினும் துல்லியமான கருவி எதுவும் கைவசம் இல்லாத நிலையில், பிழையைக் கண்டுபிடிக்கும் உபாயத்தையும் அதை நீக்கும் பொறுமையையும் மட்டுமே துணையாகக் கொண்டு துல்லியத்தைப் படைத்துவிடலாம் என்பதே இம்முறையின் உட்பொருள். பழைய இயந்திரம் வாங்க நினைப்பவருக்கு இவ்வரலாறு தைரியம் அளிப்பது.

பிழைகளெல்லாம் ஒரு தரத்தன அல்ல. வைத்திய சாஸ்திரத்தில் நோய்களைச் சாத்தியம், யாப்யம், அசாத்தியம் என்று மூவகையாகப் பிரித்து, மருந்தால் தீர்வது சாத்தியம், தீராவிட்டாலும் பத்தியத்தால் அடக்கி வைக்கக்கூடியது யாப்யம், எதற்கும் கட்டுப்படாதது அசாத்தியம் என்று வகுத்துள்ளனர். இயந்திரத்தின் பிழைகளையும் இவ்வாறே பிரித்துக்கொண்டால், எதைக் கண்டு அஞ்ச வேண்டும், எதைக் காட்டி விலையைக் குறைக்க வேண்டும், எதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடலாம் என்பது தெளிவாகிவிடும்.

புதிய சிறு இயந்திரத்திலிருந்து தொடங்குவோம். வெட்டுளி உலோகத்தைச் சீவும்போது, உலோகமும் வெட்டுளியைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலுக்கு ஜாப்பும் வளைகிறது, வெட்டுளியும் வளைகிறது, இயந்திரம் முழுவதுமே சிறிது வளைகிறது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ராடு ஒன்று சக்குக்கு வெளியே 100 மில்லிமீட்டர் நீண்டிருக்க, அதன் நுனியை 10 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளினால், நுனி ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் விலகும். அதே ராடு 200 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் விலகல் இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகி 0.17 மில்லிமீட்டரைத் தொடும். நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப விலகல் பெருகும் இவ்விதி, திருப்பிப் பார்த்தால் பெட்டுக்கும் பொருந்துவது: படுகையின் ஆழத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காக உயரும், பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, 40 கிலோ எடையுள்ள மேஜை லேத்துக்கும் அதைப்போல் பத்து மடங்கு எடையுள்ள பழைய லேத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தராசு காட்டும் வேறுபாடு என்றே எண்ணிவிடுதல் ஆகாது.

எடையோடு உலோகத்தின் இயல்பும் சேர்த்து எண்ணத்தக்கது. லேத்தின் பெட்டை எஃகால் செய்யாமல் வார்ப்பிரும்பால் செய்வதற்கு, வார்ப்பதற்கு எளிது என்பது மட்டுமே காரணமன்று. சாம்பல்நிற வார்ப்பிரும்பில் 100-க்கு ஏறத்தாழ 2.5 முதல் 4 பங்கு வரை கரி உள்ளது. அக்கரியின் பெரும்பகுதி கிராஃபைட் என்னும் மெல்லிய ஏடுகளாக இரும்பினூடே விரவிக் கிடக்கிறது. அதிர்வு எழும்போது இந்த ஏடுகள் அதன் சக்தியை உட்கொண்டு வெப்பமாக மாற்றி அடக்கிவிடுவதால், சுத்தியலால் தட்டினால் எஃகு மணிபோல் ஒலிக்கும் இடத்தில் வார்ப்பிரும்பு மொத்தென்று மட்டுமே ஒலிக்கிறது. மேற்பரப்பில் உள்ள கிராஃபைட் வழுக்கலுக்கும் உதவுகிறது. இத்தகைய இரும்பு போதிய கனத்தோடு இல்லாத இயந்திரத்தில், வெட்டுளியும் ஜாப்பும் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு கீச்சிடும் அதிர்வு, பட்டறையில் சேட்டரிங் என்று அலுத்துக்கொள்ளும் அந்த நோய், ஆழமாக வெட்டும்போதெல்லாம் தலைகாட்டும். மெதுவாகவும் மெல்லியதாகவும் வெட்டி அதை ஓரளவு தவிர்க்கலாமே தவிர, இல்லாத இரும்பைப் பிறகு சேர்க்க வழியில்லை. புதிய சிறு இயந்திரத்தின் அசாத்தியக் குறை இதுவே.

அதன் ஏனைய குறைகளெல்லாம் சாத்தியம் என்ற வகையைச் சேர்ந்தவை. மலிவு விலை இயந்திரங்களில், பெட்டியைப் பிரித்தவுடன் ஆணிகள் தளர்ந்தும், கியர் பெட்டிக்குள் வார்ப்பு மணல் ஒட்டியும், துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய பிசின்போன்ற கிரீஸ் எல்லா இடுக்குகளிலும் அப்பியும் இருப்பது சாதாரணம். கிப் எனப்படும் இடைத்தகடுகள் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் ஆடியும் நிற்கும். முழுவதையும் கழற்றித் துடைத்து, ஓரங்களில் உள்ள பிசிறுகளை அரத்தால் நீக்கி, கிப்புகளைப் பொருத்திச் சரிசெய்து, எண்ணெயிட்டு மீண்டும் பூட்டினால், அவ்வியந்திரத்தின் நடத்தை வேறாகிவிடும். கைக்கடிகார அளவுள்ள பாகங்களையும் பித்தளைச் சாமான்களையும் கடைவதே தம் நோக்கம் என்பவருக்கும், மாடியில் வசிப்பவருக்கும் இந்தச் சிறு இயந்திரமே தகுந்தது என்பதில் ஆட்சேபம் இல்லை.

இனி, மூலையில் நிற்கும் பழைய இயந்திரத்தை நெருங்குவோம். அதன் பிரதான நோய் தேய்மானம். ஆனால் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். பெரும்பாலான வேலைகள் சக்குக்கு அருகிலேயே நடப்பதால், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கை ஒட்டியுள்ள ஓரிரு சாண் நீளத்தில் காரியேஜ் பல்லாண்டுகளாக முன்னும் பின்னும் ஓடி, சீவல் துகளும் தூசியும் எண்ணெயோடு கலந்த குழம்பால் அவ்விடத்தை அரைத்திருக்கும். ஜாப்பின் மறுநுனியைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கோடியோ ஏறக்குறைய ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும்.

இத்தேய்மானம் ஜாப்பின் அளவை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. காரியேஜ் 0.1 மில்லிமீட்டர் நேர்கீழாக இறங்கிவிட்டது என்று கொள்வோம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜாப்பின் நடுமட்டத்தில் வெட்டும் உளி அவ்வளவு தாழ்ந்தால், விட்டத்தில் விளையும் மாறுதல் 0.001 மில்லிமீட்டரே, அதை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் உண்மையில் நிகழ்வது அவ்வாறன்று. வெட்டும் விசையைத் தாங்கும் முன்பக்கத் தடமே பின்பக்கத்தைவிட மிகுதியாகத் தேய்வதால், காரியேஜ் இறங்குவதோடு முன்பக்கமாகச் சாயவும் செய்கிறது. இரு தடங்களுக்கும் இடையே 150 மில்லிமீட்டர் தூரமும், பெட்டிலிருந்து வெட்டுளியின் முனைவரை 100 மில்லிமீட்டர் உயரமும் இருக்குமானால், முன்தடத்தின் 0.1 மில்லிமீட்டர் தேய்மானம் உளியின் முனையை ஜாப்பிலிருந்து 0.067 மில்லிமீட்டர் விலக்கிவிடும். விட்டம் அதைப்போல் இருமடங்காக, 0.13 மில்லிமீட்டர் பருத்துவிடும். நேர்கீழான பிழை ஏறக்குறைய மறைந்துபோக, பக்கவாட்டுப் பிழை இரட்டிப்பாக வெளிப்படுகிறது. பேரிங் ஒன்றை இறுக்கமாக ஏற்ற வேண்டிய ஷாஃப்டுக்கு இவ்வளவு பிழை பொறுக்காது.

இத்தேய்மானத்தைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கையால் ஸ்கிரேப் செய்து முடிக்கப்பட்ட பெட்டுகளில், பிறைச்சந்திரன் வடிவில் சிறுசிறு சுரண்டல் தழும்புகள் வரிசையாக இருக்கும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒரு விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், டெயில்ஸ்டாக் கோடியில் தெளிவாகத் தெரியும் பிறைகள் நடுவில் மங்கி, சக்கின் அடியில் முற்றிலும் மறைந்து கண்ணாடிபோல் வழவழத்துக் கிடப்பதைக் காணலாம். மறைந்த நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் நோய் பரவியிருக்கிறது. அழகுக்காகப் புதிதாகப் பிறைகளைக் கீறி விற்பவர்களும் உண்டாதலின், இரண்டாவது பரீட்சை ஒன்றும் செய்வது நலம். காரியேஜைச் சக்கின் அருகே நிறுத்தி, கிப்பையோ பூட்டாணியையோ இலேசாக இறுக்கி, சிறிது கனமாக நகரும்படி வைத்துக்கொண்டு, கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோக வேண்டும். கடைசிவரை ஒரே கனத்தோடு நகர்ந்தால் பெட் நல்ல நிலையில் உள்ளது. வழியில் எங்கேனும் இறுகி நின்றுவிட்டால், அங்கிருந்துதான் தேயாத பெட் தொடங்குகிறது. பதமேற்றிக் கடினமாக்கப்பட்ட பெட்டுகள் இவ்வளவு தேய்வதில்லை. ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கும். ஆனால் அத்தகைய பெட் தேய்ந்துவிட்டாலோ கையால் சுரண்டித் திருத்த இயலாது, பெரிய கிரைண்டிங் இயந்திரத்திடம்தான் போக வேண்டும். மென்மையான பெட்டைக் கையால் ஸ்கிரேப் செய்து புதுப்பிக்கலாமெனினும், அது மாதக்கணக்கில் பொறுமையை உண்ணும் வேலை. எனவே பெட்டின் கடும் தேய்மானத்தை, வீட்டுப் பட்டறைக்காரரைப் பொறுத்தவரை, அசாத்தியத்தை ஒட்டிய நோய் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து ஸ்பிண்டில். டயல் கேஜின் முள்ளை ஸ்பிண்டிலின் உட்துளைச் சாய்வில் பொருத்தி மெல்லச் சுழற்றினால் ஓட்டப் பிழையும், சக்கின் அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பினால் பேரிங்கின் ஆட்டமும் தெரியவரும். இவ்விரண்டும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. ஆட்டம் பெரும்பாலும் சாத்தியம்: 1946-இல் இங்கிலாந்தின் பீஸ்டனில் பிறந்து வீட்டுப் பட்டறைகளின் செல்லப்பிள்ளையாக விளங்கிய மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தில் உள்ளதுபோன்ற வெள்ளை உலோகப் பேரிங்குகளில், இடையில் வைத்த மெல்லிய ஷிம் தகடுகளைச் சிறிது குறைத்தால் ஆட்டம் அடங்கும்; உருளைப் பேரிங்குகளில் நட்டை இறுக்கியோ பேரிங்கையே மாற்றியோ சரிசெய்யலாம். ஸ்பிண்டிலே வளைந்திருந்தால் அது வேறு கதை. அந்த இயந்திரத்தை வணங்கி விடைபெற்றுக்கொள்வதே விவேகம்.

வெட்டுளியைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திருப்பும்போது, ஸ்லைடு நகராமலே பிடி மட்டும் சிறிது சுற்றும் பேக்லாஷ் என்ற ஆட்டத்தைக் கண்டு, புதியவர்கள் மிகவும் கலங்கிவிடுகிறார்கள். ஸ்குரூவுக்கும் வெண்கல நட்டுக்கும் இடையே விழுந்துவிட்ட இடைவெளி அது. யாப்யத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. எப்போதும் ஒரே திசையிலிருந்தே அளவுக்கு வரவேண்டும், தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கி மறுபடி வரவேண்டும் என்ற பத்தியத்தைக் கைவிடாத டர்னருக்கு, அந்த ஆட்டம் ஒரு பொருட்டே அன்று. நட்டை மாற்றவும் பெரிய செலவு பிடிக்காது.

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ செய்யப்பட்ட பழைய லேத்தாக இருந்தால், லீட் ஸ்குரூ பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும். அதைக் கொண்டு மில்லிமீட்டர் புரி வெட்ட முடியாது என்று ஒதுக்குவது தவறு. 1959-இல் ஆங்கில அளவைகளைக் கைக்கொண்ட நாடுகள் கூடி, ஓர் அங்குலம் துல்லியமாக 25.4 மில்லிமீட்டர் என்று உடன்பட்டன. 5 அங்குலம் 127 மில்லிமீட்டர் ஆகிறது. ஆகவே 127 பற்களுள்ள மாற்றுச் சக்கரம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், பிழையே இல்லாமல் மில்லிமீட்டர் புரி வெட்டலாம். 127 பகா எண்ணாதலால், அதைச் சிறிய சக்கரங்களின் பெருக்கமாகப் பெறும் உபாயம் கிடையாது. அந்தச் சக்கரமே வேண்டும். விலை பேசும்போது, இயந்திரத்தோடு மாற்றுச் சக்கரங்கள் எல்லாம் இருக்கின்றனவா, அவற்றுள் இந்த 127 உள்ளதா என்று எண்ணிப் பார்ப்பவர், பின்னர் நகரத்துக் கடைகளிலெல்லாம் அலையும் சிரமத்திலிருந்து தப்புவார்.

வார்ப்பிரும்பு எளிதில் நொறுங்கும் தன்மையதாதலால், கீழே விழுந்த இயந்திரத்தில் வெடிப்பு இருக்கக்கூடும். கால்கள், டெயில்ஸ்டாக்கின் பிடிப்பகுதி, காரியேஜின் முன்புறம் தொங்கும் ஏப்ரனின் உட்புறம் ஆகிய இடங்களில், பித்தளை நிறத்தில் ஒட்டுவேலைக் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுமை தாங்கும் இடத்தில் வெடிப்பு இருந்தால் வாங்கலாகாது. நேற்றுப் பூசியதுபோன்ற வர்ணத்தைக் கண்டு மயங்காமல், ஏன் பூசினார்கள் என்று ஐயுறுவதே முறை. பிசுக்குப் படிந்த இயந்திரம் ஒருவகையில் நம்பத்தக்கது, ஏனெனில் எண்ணெய் துருவைத் தடுத்திருக்கும். கடைசியாக, இயந்திரத்தை ஓடவிட்டு, குறைந்த வேகத்திலிருந்து மிகுந்த வேகம்வரை ஒவ்வொரு கியரிலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை சீராகக் கேட்கும் டக்கென்ற ஒலி, ஏதோ ஒரு பல் உடைந்திருப்பதற்கு அடையாளம்.

ஆலையிலிருந்து வந்த லேத்துக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டுமே, வீட்டில் ஒற்றைப் பேஸ்தானே உள்ளது என்ற கவலை இக்காலத்தில் அவசியமற்றது. வி.எஃப்.டி. என்னும் கருவி, வீட்டின் 230 வோல்ட் ஒற்றைப் பேஸை வாங்கி, அதே வோல்ட்டில் மூன்று பேஸாக மாற்றித் தருகிறது. நம் நாட்டின் சிறு மோட்டார்கள் பலவும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் இணைக்கப்பட்டவை. அந்த இணைப்பில் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 240 வோல்ட்டே ஆதலால், இணைப்பை டெல்ட்டாவாக மாற்றினால் மோட்டார் இயல்பாகவே ஓடும். இதில் ஒரு லாபமும் உண்டு. ஒற்றைப் பேஸ் மோட்டாரின் திருப்புவிசை வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அத்துடிப்பு சில வேளைகளில் ஜாப்பின் மேற்பரப்பில் மெல்லிய வரிகளாகப் பதிந்துவிடும். மூன்று பேஸ் மோட்டாரின் விசையோ இடையறாத ஒழுக்காக வருவது. மின்சார வேலையைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வி.எஃப்.டி.யின் கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறவாதிருப்பதும் அவசியம்.

இயந்திரம் வீடு வந்து சேர்ந்த பின்னரும், ஒரு பொய்நோய் தோன்றக்கூடும். ஹெட்ஸ்டாக் பக்கமே கனம் மிகுந்ததாதலால், காரியேஜையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளிச் சமன்செய்து, லீட் ஸ்குரூவில் கயிறு படாமல் பெட்டையே கட்டித் தூக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள்கூட, தரை சமமாக இல்லாவிட்டால் நீண்ட பெட் சிறிது முறுகிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முறுகிய பெட் ஜாப்பைக் கூம்பாகக் கடையும். அதைக் கண்டு தேய்மானம் என்று முடிவுகட்டி மனம் சோர்பவர் பலர். பரிகாரம் எளிது. 25 அல்லது 30 மில்லிமீட்டர் பருமனுள்ள ராடு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மில்லிமீட்டர் வெளியே நீட்டி, நடுப்பகுதியைச் சிறிது குறைத்துவிட்டு, இரு கோடிகளிலும் இரு வளையங்களை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், கூரிய உளியால், ராடு வளையாதபடி மிக இலேசாக, இரண்டு வளையங்களின்மேலும் ஒரே ஓட்டமாக ஒரு வெட்டு ஓட்டி, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெளிக்கோடி வளையம் பருத்திருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்தில் பெட் இயக்குபவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்பக்கத்து முன்காலின் அடியில் மெல்லிய ஷிம் ஒன்றைச் செருகி மீண்டும் வெட்டிப் பார்க்க வேண்டும். இரு வளையங்களும் ஒத்துவரும்வரை இதைச் செய்தால், முறுக்கு நீங்கிவிடும். தேய்மானத்துக்கு முன்னர்ச் சொன்ன சாய்வுக் கணக்கே இங்கும் பொருந்துகிறது. வேறுபாடு யாதெனில், அங்கே அசாத்தியமாக நின்றது இங்கே ஒரு தகட்டால் தீர்கிறது.

இதுவரை லேத்தைப் பற்றியே சொன்னோமாயினும், மில்லிங் இயந்திரத்துக்கும் இதே விதிகள்தாம். 1938 முதல் வந்த பிரிட்ஜ்போர்ட்டும் அதைப் பின்பற்றிய நகல்களும் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளவை என்பதால், வாங்குமுன் வாசலின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் அளப்பது உத்தமம். அவற்றின் மேஜைமேல் தவறி இறங்கிய டிரில்லின் வடுக்கள் எத்தனை உள்ளன என்று பார்த்தால், அவற்றை இயக்கியவர்கள் எவ்வளவு கவனமுடையவர்கள் என்பது விளங்கிவிடும். மேஜையில் கவனம் இல்லாதவர்கள் எண்ணெயிடுவதில் மட்டும் கவனமாக இருந்திருப்பார்கள் என்று நம்புவதற்கு இடமில்லை. எந்த இயந்திரமானாலும், அதனோடு வரும் உபகரணங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று தாடைச் சக், நான்கு தாடைச் சக், ஸ்டெடி, ஃபேஸ்பிளேட், சென்டர்கள், டூல் போஸ்ட் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கப் புகுந்தால், இயந்திரத்தின் விலையையே எட்டிவிடலாம். இவற்றோடு வரும் பழைய லேத், விலை சற்று மிகுந்திருந்தாலும், மொட்டையாக வரும் லேத்தைவிட மலிவானது.

நம் பக்கத்தில் பழைய லேத் தேடுவோருக்கு ஒரு சௌகரியம் உண்டு. 1941-இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரும், 1953-இல் பெங்களூரில் தோன்றிய எச்.எம்.டி.யும் வார்த்த இயந்திரங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மோட்டாரும் பம்பும் நூற்பாலை இயந்திரமும் செய்து வளர்ந்த கோயம்புத்தூர்போன்ற ஊரில், தேய்ந்த நட்டுக்கு வெண்கலம் வார்த்துத் தரவும், பல் உடைந்த கியருக்கு மாற்றுக் கியர் வெட்டித் தரவும், பெட்டை கிரைண்டிங் செய்யவும் பட்டறைகள் உண்டு. நடுத்தர நகரம் ஒன்றில் இவ்வசதி இன்றி வாழ்பவருக்கு அசாத்தியமாகத் தோன்றும் குறை, கோயம்புத்தூரில் வாழ்பவருக்குச் சாத்தியமாகிவிடுகிறது. எந்த நோய் எந்த வகையில் சேரும் என்பது, இயந்திரத்தைப் பொறுத்ததோடு, அருகில் உள்ள கைகளையும் பொறுத்தது.

ஆகவே, வாங்குகிறவர் தம்மையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதிலேயே இன்பம் காண்பவர் நடுத்தரத் தேய்மானமுள்ள கனமான லேத்தை வாங்கி, ஓராண்டைச் செலவிட்டு, தாம் புதிதாக வாங்கியிருக்கக்கூடிய எதனினும் சிறந்ததோர் இயந்திரத்துக்கு உரியவராகலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஏதேனும் செய்துமுடிக்க வேண்டும் என்ற வேகமுள்ளவர், தம் வேலையின் அளவைச் சிறிதாக வைத்துக்கொண்டு புதிய சிறு லேத்தை வாங்கலாம். இருவரும் முழுமையான இயந்திரத்தைப் பெறப்போவதில்லை. அப்படி ஒன்றை மாட்ஸ்லியும் கண்டதில்லை. 0.05 மில்லிமீட்டர் கூம்பாகக் கடையும் லேத்தில், அது அவ்வாறு கடையும் என்பதை அளந்து அறிந்தவர் கடைசி வெட்டைத் திருத்தி ஓட்டிச் சரியான ஷாஃப்டைச் செய்துவிடுகிறார். குற்றமே இல்லை என்று நம்பி அளக்காமல் விட்டவரோ, நல்ல லேத்திலும் கழிவையே செய்கிறார். எனவே, லேத்துக்கு என்று ஒதுக்கிய பணத்திலிருந்து முதலில் ஒரு மைக்ரோமீட்டரும், காந்தப் பீடத்தோடு கூடிய டயல் கேஜும் வாங்கிக்கொண்டு, அவற்றைப் பையில் போட்டுக்கொண்டே இயந்திரம் பார்க்கப் புறப்படுவது நல்லது. விற்பவர் அவற்றைக் கண்டவுடன் விலையைச் சிறிது இறக்கிச் சொல்வதும் உண்டு.